கல்லாகும் செவி

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் சிற்பங்களின் முகத்தைப் பார்ப்பர். கைகளின் நிலையைப் பார்ப்பர். அருச்சுனன் தவம் என வழங்கும் பெரும்பாறையில் யானைக் கூட்டத்தைக் கண்டு குழந்தைகளோடு குழந்தைகளாக மகிழ்வர். காதுகளைப் பார்ப்போர் மிகச் சிலரே. ஏழாம் நூற்றாண்டில், மாமல்லன் எனப் பெயர்பெற்ற நரசிம்மவர்மனின் காலத்தையொட்டி அங்கே உளி பிடித்தவர்களோ காதுகளை மறக்கவில்லை. தேவர்க்கும் அரசர்க்கும் கீழ்க்காது தோளை நோக்கித் தொங்குகிறது; அதிலே பெரிய குழைகள் கனக்கின்றன. மேற்காது மட்டும் நீளவில்லை. அது மடிந்து வளைந்து தன் இயல்பான அளவிலேயே நிற்கிறது.

அந்தச் சிற்பிகள் கண்ட உண்மையை இன்றைய உடற்கூற்றியலும் கூறுகிறது. செவிமடலின் மேற்பகுதி முழுவதும் மெல்லிய குருத்தெலும்பால் ஆனது. மடக்கினால் மடங்கும், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். கீழ்ச்சதையில் அந்தக் குருத்தெலும்பு இல்லை. கொழுப்பும் நாரும் தோலுமே உள்ளன. ஆகவேதான் அதை வளர்க்க முடிகிறது. தென்மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் அணிந்து திருப்பலிக்கு வந்த பாட்டியர் பலரை நம் தலைமுறையினர் கண்டிருக்கிறோம். அவர்கள் வளர்த்தது கீழ்க்காதை மட்டுமே. மேற்காதும் கீழ்க்காதும் வெவ்வேறு பொருளால் ஆனவை என்னும் இச்சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் கூறப்போகும் வரலாறு இதைச் சுற்றியே சுழல்கிறது.

கல்லைக் காதாக்கியவர்களின் கதை உலகறிந்தது. உயிருள்ள காது கல்லாகும் கதையைச் சிலரே அறிவர். மிக அரிதாக, ஒரு மனிதரின் செவிமடல் மெல்ல மெல்ல விறைத்து, மடக்க முடியாதபடி மரப்பலகைபோலக் கெட்டியாகிவிடுகிறது. பெரும்பாலும் வலி இல்லை. கேட்கும் திறனும் குறைவதில்லை. பக்கவாட்டில் படுக்கும்போது தலையணையில் காது மடங்காமல் உறுத்துவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. எக்ஸ்ரே எடுத்தால், சாதாரணமாகப் படத்தில் தெரியாத செவிமடல், எலும்பு போல வெண்மையாகத் தெரியும். சிலருக்குக் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும். வேறு சிலருக்கு அது உண்மையான எலும்பாகவே மாறியிருக்கும். குருத்தெலும்பு இல்லாத கீழ்ச்சதை மட்டும் இரு வகையிலும் மென்மையாகவே இருக்கும்.

இந்நிலையை மருத்துவ உலகில் முதன்முதலாக எழுதி வைத்தவராகக் கருதப்படுபவர் பொக்டாலெக். பிராகா நகரின் மருத்துவ இதழொன்றில் 1866ஆம் ஆண்டு அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றிரண்டாக இத்தகைய நோயாளர்கள் பதிவாயினர். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட காரணம் உறைபனி. கடுங்குளிரில் முதலில் விறைப்பது காது. இரத்த ஓட்டம் நின்று மீண்ட குருத்தெலும்பு ஆண்டுகள் கழித்துக் கெட்டியாகிவிடும். மல்லர்களும் குத்துச்சண்டை வீரர்களும் காதில் வாங்கும் தொடர் அடிகளும், குருத்தெலும்பின் உறையைத் தாக்கும் அழற்சியும் இதே விளைவைத் தரலாம். உறைபனியைக் கண்ணாலும் காணாத செங்கற்பட்டுச் சீமையில் முதற்காரணத்துக்கு இடமில்லை. ஆகவே நம் பகுதியில் இப்படி ஒரு காதைக் கண்டால் உடலின் உள்ளே தேட வேண்டும்.

உள்ளே தேடியவர்கள் கண்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று அட்ரினல் சுரப்பியின் அழிவு. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இச்சுரப்பிகள் பழுதானால் உடல் மெலியும், தோல் கறுக்கும், எழுந்து நிற்கவும் வலுவிராது. இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த தாமஸ் அடிசன் 1855இல் இதை விளக்கினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அந்நாளில் அச்சுரப்பிகளைப் பெரிதும் அழித்தது காசநோய். அடிசன் நோயாளர் சிலரிடம் செவிமடல் கெட்டிப்படுவதை இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ்ரே காட்டியது. பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு ஆகிய சுரப்பிகளின் கோளாறுகளோடும் நீரிழிவோடும் அது சேர்ந்து காணப்பட்டதுண்டு.

காசநோய் என்றதும் நம் மாவட்டத்தின் பழைய வரலாறு கண்முன் வருகிறது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில் 1928இல் காசநோய் நலவாழ்வு இல்லத்தை நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் கணித மேதை இராமானுசனுக்கு மருத்துவம் பார்த்தவரும் அவரே. அந்த இல்லத்தை 1937இல் அரசு ஏற்றது. இன்றும் அங்கே இரயில் நிலையத்துக்கு ‘சானடோரியம்’ என்றே பெயர். பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயை எவ்வளவு தடுக்கும் என்பதை அறிய உலகிலேயே மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று 1968இல் தொடங்கப்பட்டதும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் சிற்றூர்களில்தான். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றனர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை உலகுக்கு ஈந்தவர்கள் நம் உழவர்கள். நுரையீரலில் இருமலாக ஒலிக்கும் நோய், சுரப்பியை அழித்து, காதிலே சத்தமின்றிக் கல்லாகவும் படியலாம். உடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்று புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதை மருத்துவர்களும் தம் வழியில் கண்டறிந்தனர்.

ஆனால் நம் ஊர்களில் ஒருவரின் காது தடித்தால், அடிசன் பெயரோ காசநோயின் பெயரோ யாருடைய நினைவுக்கும் வந்ததில்லை. ஒரே ஒரு சொல்தான் வந்தது. அச்சொல்லை உரக்கச் சொல்லவும் மக்கள் அஞ்சினர்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. மூக்கு, புருவம், கைகால்களின் மேல்நரம்புகள், காது என அது இடம் தேடிக்கொள்ளும். முற்றிய வகைத் தொழுநோயில் காதின் தோல் தடித்து முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். கீழ்ச்சதை வீங்கிப் பெருகும். நோய் தீர்ந்தபின் சுருங்கித் தொங்கிப்போகும். மாமல்லபுரத்துக் கல்லில் மேன்மைக்கு அடையாளமான நீண்ட கீழ்க்காது, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கற்பட்டில் ஒரு மனிதரை ஊரைவிட்டுத் துரத்தப் போதுமான சான்றாயிற்று. மோலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889 ஏப்ரல் 15ஆம் நாள் அந்நோயாலேயே இறந்த தமியான் அடிகளாரின் இறுதி நாள்களில் எடுத்த நிழற்படங்களை வாசகர்களில் பலர் பார்த்திருப்பர். 2009இல் திருச்சபை புனிதராக உயர்த்திய அம்மனிதரின் முகத்திலும் காதிலும் நோயின் தடிப்பு தெளிவாகத் தெரிகிறது.

லேவியர் நூலின் பதினான்காம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அங்கே, தோல்நோய் நீங்கியவரைக் குரு மீண்டும் சமூகத்தில் சேர்க்கும் சடங்கு விரிவாக இருக்கிறது. பலியின் இரத்தத்தையும் பின்னர் எண்ணெயையும் குரு அவருடைய வலக்காதின் நுனியில் பூசுகிறார். பிறகு வலக்கைக் கட்டைவிரலிலும் வலக்கால் பெருவிரலிலும் பூசுகிறார். விவிலியம் கூறும் அந்நோய் இன்று நாம் தொழுநோய் என்பதே அன்று எனவும், பலவகைத் தோல்நோய்களைக் குறிப்பது எனவும் அறிஞர்கள் காட்டியுள்ளனர். அது எதுவாயினும், சமூகத்தில் மீண்டும் சேர்க்கும் முத்திரை முதலில் காதில் இடப்பட்டது என்பது கருதத்தக்கது. நம் சட்டங்களோ நெடுங்காலம் விலக்கும் முத்திரையையே வைத்திருந்தன. ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்து ஒதுக்கி வைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததும் 2019இல்தான் ஒழிந்தது. நோய்க்கு மருந்து கிடைத்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்பு!

அந்த மருந்தின் வரலாற்றில் செங்கற்பட்டுக்குத் தனியிடம் உண்டு. நகரை அடுத்த திருமணியில் 1920களில் எழுந்தது லேடி வில்லிங்டன் தொழுநோயாளர் குடியிருப்பு. அதை நடத்தியோர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மறைத்தூதர்கள். 1930களின் நடுவில் அங்கே பொறுப்பேற்ற டாக்டர் இராபர்ட் காக்ரேன், நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகச் செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லாதிருந்த காலத்தைக் கண்டவர். 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயன்தரத் தொடங்கியது. அங்கே நோயாளருக்குப் பணிவிடை செய்தவர்கள் வின்சென்ட் தே பவுல் அன்புப் பணிச் சகோதரிகள். அம்மருந்தோ விலை மிக்கது. அதன் மூலப்பொருளும் மலிவானதுமாகிய டாப்சோனைக் காக்ரேன் 1946இல் இந்திய நோயாளருக்கு எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். ஏழை நாடுகளின் தொழுநோயாளர் கைக்கு எட்டிய மருந்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. 1955இல் நடுவண் அரசு அவ்விடத்திலேயே மையத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது.

அத்தகைய நிலையங்களில் காது சோதனைக்குரிய உறுப்பாயிற்று. நோயாளரின் கீழ்க்காதை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, இரத்தம் வராதபடி சிறிதாகக் கீறி, கசியும் திசுநீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பர். கிருமி இருந்தால் சிவந்த குச்சிகளாகத் தெரியும். 1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் முதன்முதலாகக் கண்ட அதே கிருமி. மருந்து தொடர்ந்தால் மாதந்தோறும் அக்குச்சிகள் உடைந்து குறையும். ஊரார் விலக்குவதற்குப் பார்த்த அதே காதை, மருத்துவப் பணியாளர் நலம் பெறுவதை அளப்பதற்குப் பார்த்தனர்.

இனி வாசகர்களை நாம் நினைவில் இருத்தச் சொன்ன செய்திக்கு வருவோம். தொழுநோய் தடிக்கச் செய்வது காதின் தோலையும் குருத்தெலும்பில்லாத கீழ்ச்சதையையுமே. கல்லாகும் காதில் கெட்டியாவது குருத்தெலும்பு உள்ள மேற்பகுதி. கீழ்ச்சதை மென்மையாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் வேறுபாடு விளங்கும். ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவதற்கு அஞ்சிய சமூகத்தில் இவ்வேறுபாட்டை யார் அறிந்திருப்பர்? திருமுழுக்கின்போது குழந்தையின் காதைத் தொட்டு ‘எப்பத்தா’ சடங்கை நிறைவேற்றும் நம்மைப் போன்றோரும் அந்த அச்சத்துக்கு விதிவிலக்காக எப்போதும் இருந்ததில்லை.

பொக்டாலெக்கின் கட்டுரை வந்த அதே 1866ஆம் ஆண்டில் இன்னொரு காதும் மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. பெர்லினில் உருடால்ப் விர்ச்சோ என்னும் மேதை, 67 வயதில் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது அவருடைய குருத்தெலும்புகள் கரியாகக் கறுத்திருக்கக் கண்டார். நுண்ணோக்கியில் அக்கறுப்பு காவி நிறமாகத் தெரிந்தது. அதை வைத்தே ‘ஒக்ரோனோசிஸ்’ என்று பெயரிட்டார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1859இல், போடெக்கர் என்னும் வேதியியலார், காற்றுப்பட்டதும் கறுக்கும் ஒருவகைச் சிறுநீரை ஆராய்ந்து அதிலுள்ள பொருளுக்கு ‘அல்காப்டன்’ என்று பெயர் சூட்டியிருந்தார். கறுத்த காதும் கறுத்த நீரும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விளங்கியது. அந்நோய்க்கு இன்று அல்காப்டோனூரியா என்று பெயர்.

நாம் உண்ணும் புரதத்திலிருந்து சில அமினோ அமிலங்கள் படிப்படியாகச் சிதைந்து வெளியேற வேண்டும். அந்தப் படிகளில் ஒன்றுக்கு உரிய நொதி பிறவியிலேயே இல்லாதவர்க்கு, ஹோமோஜென்டிசிக் அமிலம் என்னும் இடைப்பொருள் சிதையாமல் தேங்கும். பெரும்பகுதி சிறுநீரில் கழியும். மிஞ்சியது பல்லாண்டுகளாகக் குருத்தெலும்பில் படிந்து கறுக்கும். இளமையில் வேறு தொல்லை இராது. முப்பது வயதுக்கு மேல் செவிமடல் தடித்து விறைத்து, தோலுக்கு அடியில் நீலச் சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்கும். கண்ணின் வெண்விழியில் கரும்புள்ளி தோன்றும். அதற்குள் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நொறுங்கிச் சுண்ணாம்பு படிந்திருக்கும். பின்னர் முழங்கால், இடுப்பு, தோள். சிலர்க்கு இதய வால்வும். காது இங்கே முன்னறிவிப்போன். வெளியே எளிதில் தெரியும் குருத்தெலும்பு அல்லவா அது! எகிப்திய மம்மி ஒன்றின் மூட்டுத் திசுவில் இதே கறுப்புப் பொருளை அறிஞர்கள் கண்டறிந்து 1977இல் வெளியிட்டனர். ஆகவே நோய் புதிதன்று.

இந்நோய் மனித குலத்துக்கு ஒரு பெரிய பாடத்தையும் தந்தது. இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், 1902இல் எழுதிய கட்டுரையில், அல்காப்டோனூரியா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவுக்குள் மணந்தவர்கள் என்று காட்டினார். அகுஸ்தீனார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்ட மரபு விதி, மனிதரின் நோய் ஒன்றுக்குப் பொருந்துவதாக முதன்முதலில் காட்டப்பட்டது இந்நோயில்தான். தந்தை, தாய் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை நலமாகவே வாழும். தன்னிடம் அது இருப்பதையும் அறியாது.

உலகில் இரண்டரை இலட்சம் முதல் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்னும் அளவில் அரிதானது இந்நோய். சுலோவாக்கியாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் 19,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் மிகுந்துள்ளது. நம் தமிழ்நாட்டிலோ, ஒரு குறிப்பிட்ட பகுதியில் குடியமர்ந்த நரிக்குறவர் மக்களிடையே நடந்த ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட 41 பேரில் 16 பேருக்கு அல்காப்டோனூரியா இருந்தது. அவர்களுள் 11 பேரிடம் ஒரே மரபணுப் பிழை, தாய்வழியும் தந்தைவழியுமாக இரு படிகளிலும் காணப்பட்டது. என்றோ வாழ்ந்த ஒரு மூதாதையிடம் தோன்றிய பிழை, சிறிய குழுவுக்குள்ளேயே நடந்த திருமணங்களால் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கிறது என்பதே அதன் பொருள். வெளியார் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்த மக்கள் தமக்குள்ளே மணப்பதைத் தவிர வேறென்ன செய்வர்? அந்தக் குருத்தெலும்பில் படிந்த கறுப்பில் அமிலத்தோடு நம் சமூகத்தின் விலக்கும் சேர்ந்தே படிந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

நரிக்குறவர் மாமல்லபுரத்துக்கு அந்நியரல்லர். சிற்பங்களைச் சுற்றிப் பாசிமணியும் ஊசியும் விற்கும் அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் அனைவரும் கண்டிருப்பர். வாக்ரிபோலி என்னும் தனிமொழி பேசும் இவர்கள் ஊரை ஒட்டிய பூஞ்சேரியில் வாழ்கின்றனர். 2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் தம்மைப் பந்தியிலிருந்து எழுப்பியதாக அப்பகுதி நரிக்குறவப் பெண் ஒருவர் கூறியது நாடெங்கும் கேட்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று அங்குள்ள நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் வழங்கினார். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்னும் அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் ஈடேறியது. பந்தியில் விலக்கியதைக் கேட்டு நாம் பெருமூச்சு விடலாம். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் பிரித்துச் சுவர் எழுப்பிய பங்குகள் நம்மிடையே உண்டு என்பதையும் அப்போது மறைக்கலாகாது.

பூஞ்சேரியில் இந்நோய் இருக்கிறது என்று நாம் கூறவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அதை எப்படிப் பேசுவது என்பதே நம் கவலை. திருமணியின் வரலாறு அதற்காகவே நினைவுக்கு வந்தது. ‘கறுத்த காது’ என்பது இன்னொரு வசைச்சொல்லாகிவிடுவது மிக எளிது. அல்காப்டோனூரியா தொற்றாது, உடன் உண்பதாலோ தொடுவதாலோ ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு வராது. அதே வேளையில், பேசாமல் விடுவதும் அநீதி. மூட்டையைத் தோளில் சுமந்து நாள்தோறும் நடந்து விற்பவர்க்கு நாற்பது வயதில் முதுகும் முழங்காலும் பூட்டிக்கொண்டால், அது நோயோடு பிழைப்பும் போவதாகும். வயதுக்கு முந்திய மூட்டுவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பும் மருத்துவர் அவருடைய காதைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் போதுமே!

உறவுக்குள் மணப்பது அவர்களுடைய வழக்கம் என்று சுட்டுவோர், நம் பங்குகளின் திருமணப் பதிவேடுகளைத் திறந்து பார்க்க வேண்டும். 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் உறவுத் தடையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, பக்கவழி உறவில் நான்காம் படிவரை தடை உண்டு; அத்தை மகன், மாமன் மகள் உறவு அந்த நான்காம் படியில் வருகிறது; தாய்மாமன் உறவு மூன்றாம் படியிலேயே வருகிறது. இவற்றுக்கு ஆயரிடம் விதிவிலக்குக் கேட்டு நாம் நிரப்பிய படிவங்கள் எத்தனை! ‘முறைப்பெண்’, ‘சொத்து வெளியே போகக் கூடாது’, ‘பாட்டியின் ஆசை’ என்று காரணங்கள் வந்தவண்ணம் இருக்கும். திருச்சபை அத்தடையை மரபணுவை அறிந்து வகுக்கவில்லை. குடும்பங்களின் ஒழுங்கையும், அன்பு உறவு வட்டத்துக்கு வெளியே விரிவதையும் கருதியது. எனினும், படிவத்தில் கையெழுத்திடுமுன் அக்குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் நோய் ஏதேனும் உண்டா என்று கேட்பதும், மரபியல் ஆலோசனைக்கு அனுப்புவதும் நம் மேய்ப்புப் பணியைச் சேர்ந்தவை என்றே கருதுகிறோம். மறுப்பதற்காகக் கேட்பதன்று, அறிந்து முடிவெடுக்கட்டும் என்று கேட்பது.

மருந்தும் வந்திருக்கிறது. களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நிட்டிசினோன் என்னும் பொருள், அந்த அமிலம் உருவாகும் முன்னமே தடுத்துவிடும். லிவர்பூல், பாரிஸ், சுலோவாக்கியாவின் பியெஷ்ட்யானி ஆகிய இடங்களில் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்த பின், 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பெரியவர்களின் அல்காப்டோனூரியாவுக்கு ஏற்றுக்கொண்டது. விலை மிக்கது, டைரோசின் என்னும் சத்து இரத்தத்தில் கூடிக் கண்ணைப் பாதிக்காதவாறு கண்காணிப்போடு கொடுக்க வேண்டியது. கல்லாகிவிட்ட காதை அது மென்மையாக்காது. கறுப்பு மேலும் படிவதைத் தடுக்கும். எனவே காது விறைக்கும் வயதுக்கு முன்பே நோயை அறிவதே பயன் தரும்.

அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தொடக்கத்தில் தேவையில்லை. சவர்க்காரம் போட்டுத் துவைத்த குழந்தையின் துணியில் கறை பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறுகிறதா என்று தாய்மாரைக் கேட்கலாம். ஐயமிருந்தால் சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து மூடாமல் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் மேற்பரப்பிலிருந்து கறுத்து இறங்குகிறதா என்று பார்க்கலாம். கறுத்தால், உறுதி செய்யும் சோதனைக்காகக் குழந்தையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். செங்கற்பட்டில் அத்தகைய மருத்துவமனை 1965 முதல் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம்.